கிணற்றுக்குள் பேச்சு நின்றபோது

எங்கள் தீயணைப்பு நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீட்புக்காக ஒருவர் கிணற்றுக்குள் இறங்கினால், மேலே விளிம்பில் இன்னொருவர் குப்புறப் படுத்துக்கொண்டு அவரிடம் பேசிக்கொண்டே இருப்பார். என்ன பேசுகிறார் என்பது முக்கியமில்லை. காலையில் என்ன சாப்பாடு, மகளுக்கு வரன் அமைந்ததா, பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை எப்படி, எதுவாகவும் இருக்கலாம். கீழே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். மூன்று முறை கேட்டும் பதில் வரவில்லை என்றால் காரணம் விசாரிக்கக் கூடாது. உடனே இழுத்து மேலே ஏற்றிவிட வேண்டும். பாழடைந்த கிணறுகளில் காற்று கெட்டிருக்கும். மயங்கப் போகிறவனுக்குத் தான் மயங்கப் போவது தெரியாது. அவன் பேச்சை வைத்து மேலே இருப்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த விதியை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. நான் வேலையில் சேர்வதற்கு முன்பே இருந்தது.

தீயணைப்பு வேலை என்றதும் ஜனங்கள் தீயைத்தான் நினைக்கிறார்கள். நான் வீட்டில் தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். வேலை நாள் ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம். அதைப் புரட்டினால் தீ குறைவாகவே வரும். நாகல் நகரில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சாரைப்பாம்பு, மாலை 4.15. விரல் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் நிலையத்துக்கே வந்த ஒரு டீச்சர், நூல் சுற்றிக் கழற்ற இருபது நிமிடம், அறுக்கவில்லை. மின்கம்பியில் உரசிப் பற்றிய வைக்கோல் லாரி. தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த கன்று. இவற்றுக்கு நடுவில் காத்திருப்பதுதான் பெரும்பகுதி. வேலை நாளில் நிலையத்தின் கேட்டைத் தாண்டக் கூடாது. எதிரே இருக்கும் டீக்கடைக்குக் கூட ஒரு காதை இங்கே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். குளிக்கும்போது குழாயைச் சன்னமாகத் திறந்துகொள்வேன், மணிச் சத்தம் தண்ணீரில் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக. வியாழக்கிழமை காலைகளில் கயிறுகளை முற்றத்தில் முழுநீளமும் விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கைக்குள் ஓடவிட்டுப் பார்ப்பேன். எங்கே ஒரு பிரி அறுந்திருந்தாலும் விரல் சொல்லிவிடும்.

கிணறு என்றால் நான்தான் இறங்குவது என்பது எப்போது முடிவானது என்று தேதி சொல்ல முடியாது. உடம்பு மெலிந்தது, முடிச்சு சுத்தமாகப் போடுவேன், பதற்றப்பட மாட்டேன் என்று பெயர். இந்தச் சீமையில் கிணறுகளுக்குக் குறைவில்லை. சதுரமாக வெட்டிய பெரிய கிணறுகள், பாதிக்குக் கல்கட்டு, அதற்குக் கீழே வெறும் பாறை. வேலியோ கைப்பிடிச் சுவரோ இல்லாமல் தோட்டத்துக்கு நடுவில் திடீரென்று திறந்து கிடக்கும். ஆடு, மாடு, மயில், மனிதர் எல்லாம் விழும். எத்தனை முறை இறங்கியிருக்கிறேன் என்பது குறிப்பேட்டில் இருக்கிறது. எண்ணிப் பார்த்ததில்லை.

போன ஆண்டு ஆடி மாதம், சாணார்பட்டிக்குப் போகும் வழியில் ஒரு சினைமாடு கிணற்றில் விழுந்தது. ஆழம் ஐம்பத்தைந்து அடி, தண்ணீர் என் நெஞ்சு அளவு. மாட்டைக் கயிற்றால் கட்டி இழுத்தால் வயிற்றை அறுத்துவிடும். அதனால் கழித்துப் போட்ட பழைய ஹோஸ் குழாய்களைப் பட்டையாக மடித்து வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் கட்டுவோம். கட்டி முடித்துக் கை காட்டினேன். ஊர்க்காரர்கள் முப்பது பேர் இழுத்தார்கள். விளிம்புக்கு மூன்றடி கீழே மாடு ஒரு பாறைப் புடைப்பில் மாட்டிக்கொண்டது. கொம்புக்கு இன்னொரு கயிறு போட்டுத் திருப்ப வேண்டியிருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு கயிறு, அது என் இடுப்பில் இருந்தது.

விளிம்பில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எங்கள் ஓட்டுநர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "அண்ணே, கயித்த அவுத்து விடுங்க. செத்த நேரந்தான். மாட்ட ஏத்திப்புட்டு இந்தா வாரேன்" என்றார். அவிழ்த்து விட்டேன்.

மாடு ஏறியது. ஏறியதும் இரண்டு கயிறுகளையும் இழுத்துக்கொண்டு சம்பங்கித் தோட்டத்துக்குள் ஓடியது. எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். என் கைக்கடிகாரத்தில் அப்போது 11.50.

அதன் பிறகு நடந்தது எதுவும் இல்லை. இதைத்தான் என்னால் யாருக்கும் விளக்க முடியாமல் போனது. தண்ணீர் ஏறவில்லை, கல் சரியவில்லை, பாம்பு வரவில்லை. தலைக்கு மேலே ஒரு சதுர வானம், அதன் குறுக்கே ஒரு முறை ஒரு காகம் போனது. கூப்பிட்டேன். என் குரல் சுவரில் மோதி, வேறு யாரோ ஒரு கிழவனின் குரலாக என்னிடமே திரும்பியது. இரண்டாவது முறை அதைக் கேட்கப் பிடிக்காமல் நிறுத்திவிட்டேன். கால் சேற்றில் மெல்ல இறங்கியது. எடுத்து வைத்தால் மறுகால் இறங்கியது. வண்டி கிளம்பிப் போயிருக்கும் என்று தோன்றியது. மாலை ஆட்கள் மாறும்போது பெயர் கூப்பிடுவார்கள், அப்போதுதான் தெரியும் என்று கணக்குப் போட்டேன். அது முட்டாள்தனம் என்று தெரிந்துகொண்டேதான் போட்டேன்.

12.25க்கு விளிம்பில் ஓட்டுநரின் தலை தெரிந்தது. கையில் ஒரு டம்ளர். "ஆத்தாடி! அண்ணே, இன்னும் உள்ளாறயா இருக்கீக? டீ சாப்டுறீகளா?"

நானும் சிரித்தேன். அன்று மாலையே கதை நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. மாட்டுக்குக் கற்பூரம் காட்டி, தண்ணீர் வைத்து, எல்லோரும் டீயும் குடித்து, 'இம்புட்டு நேரம் அண்ணனக் காணோமே' என்று தேடியதாக ஓட்டுநர் நடித்துக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் ஒரு வரி கூடும். என் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் 'பசுமாடு உயிருடன் மீட்பு' என்று மட்டும் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் குளியலறைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை யாராவது விட்டுக்கொடுத்தாலும் வழிப்பக்கமே உட்கார்ந்துகொள்வேன். ஒரு முறை மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது லிஃப்டைக் கண்டு நான் படிப்பக்கம் திரும்பியதை அவள் பார்த்தாள். "முட்டி வலிக்குதுன்னு நேத்துத்தான சொன்னீக?" என்று கேட்டாள். ஏறினால் வலிக்காது என்று சொன்னேன். நம்பவில்லை, என்னோடு படியேறி வந்தாள்.

ஆடிக்குப் பிறகு கிணற்று அழைப்புகள் மூன்று வந்தன. மூன்றிலும் இறங்காமல் சமாளித்தேன். ஆட்டுக்கு வலையை இறக்கினேன். மயிலுக்குக் கூடை. மூன்றாவதில் படிகள் இருந்தன, அந்த வீட்டுக்காரரே இறங்கி நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 'அண்ணன் மூளையால வேலை செய்யுறாரு' என்று பாராட்டுக்கூடக் கிடைத்தது. அதைக் கேட்கக் கேட்க நான் இன்னும் வசமாக மாட்டிக்கொண்டேன். நிலைய அலுவலரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? கல் விழுந்து மண்டை உடைந்திருந்தால் சொல்வதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஒன்றுமே நடக்காத முப்பத்தைந்து நிமிடத்துக்காக, ஓய்வுக்கு நான்கு வருடம் இருக்கும்போது, முன்னணித் தீயணைப்போன் ஒருவன் கிணற்றைக் கண்டு பயப்படுகிறான் என்று எப்படிச் சொல்வது?

அதே ஆண்டு புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தக் கேள்வி தானாக என்னிடம் வந்தது.

அன்று காலை ஒரு நூல் மில்லில் பஞ்சுப் பொதிகளில் தீ. பஞ்சுத் தீ மேலே அணைந்தாலும் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். பொதிகளைப் பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். புகைக்குள் நிற்க முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிய சுவாசக் கருவிகளைப் பயன்படுத்தினோம். மதியம் ஒரு மணிக்குத் திரும்பும்போது சிலிண்டர்கள் எல்லாம் காலி. நிரப்புவதற்கு அனுப்பிவிட்டுச் சாப்பிட்டோம். 2.40க்கு மணி அடித்தது.

கொடைரோடு போகும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய மல்லிகைத் தோட்டம். கிணற்றில் ஆள். வண்டியில் ஐந்து பேர் இருந்தோம். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கள் நிலையத்திலேயே பருமனானவர், முப்பத்தெட்டு வயது, எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பவர். பயிற்சியின்போது தவிர அவர் கிணற்றில் இறங்கியதில்லை. நான் இருக்கும்வரை தேவைப்படவில்லை.

"அண்ணே இருக்கையில நமக்கென்ன?" என்றார் மற்றவர்களிடம். "நான் கயித்துக்கு எதிர்ப் பாரம். என்னைய ஒரு பக்கம் கட்டுனா அண்ணன் தானா மேல வந்துருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சட்டைக் கைகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

தோட்டக்காரரின் மனைவி வரப்பிலேயே எங்களை எதிர்கொண்டார். ஓடிக்கொண்டே சொன்னார். "மோட்டாரு தண்ணி எடுக்கலைங்கய்யா. ஃபுட் வால்வுல குப்பை அடச்சிருக்குன்னு எறங்குனாக. இரும்புப் படி பேந்துக்கிட்டு வந்துருச்சு. காலு போச்சுன்னு கத்துனாக. பைப்பப் புடிச்சுத் தொங்குறாக. இப்பக் கூப்புட்டா முனகல்தான் வருது."

கிணறு அறுபது அடி. சுவரில் பதித்திருந்த இரும்புப் படிகளில் பாதிக்குக் கீழே நான்கைந்து பெயர்ந்து, அந்த இடத்தில் துருக்கறை மட்டும் இருந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர். மோட்டார் குழாயை ஒரு கையால் அணைத்தபடி ஒரு தலையும் தோளும் தெரிந்தன. முதலில் மோட்டார் அறைக்குப் போய் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டித் தண்ணீர் மட்டம் வரை இறக்கி, முழுதாக ஒரு நிமிடம் வைத்திருந்து தூக்கினோம். எரிந்துகொண்டே வந்தது. காற்று நன்றாக இருக்கிறது. இடுப்பிலும் தொடையிலும் கயிறு போட்டு முடிச்சை நானே இழுத்துப் பார்த்தேன். மறுமுனை வேப்பமரத்தைச் சுற்றி வந்து, ஊர்க்காரர் ஒருவரையும் சேர்த்து நான்கு பேர் கையில் இருந்தது. சரியாகத்தான் எல்லாம் செய்தேன். நேரம் 3.12.

ஓட்டுநர் விளிம்பில் படுத்தார். நான் முதுகைக் கிணற்றுக்குக் காட்டி இறங்கினேன்.

"அண்ணி இன்னைக்கு என்ன வெஞ்சனம் வச்சு விட்டாக?"

"கத்திரிக்கா."

"எண்ணெய்க் கத்திரிக்காயா, சும்மாவா?"

"சும்மாதான்."

"நமக்கு ஒரு வாய் குடுக்கணும்னு தோணுச்சா உங்களுக்கு? நானும் பக்கத்துலதான உக்காந்துருந்தேன்."

"நீதான் பிரியாணி வாங்கி வச்சிருந்தியே."

கல்கட்டு முடிந்து பாறை தொடங்கியது. வெயில் தலைக்கு மேலே எங்கோ நின்றுவிட்டது. ஈரச் சுவரின் வாசனை, பாசியும் டீசலும் கலந்தது. அண்ணாந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. சதுரமாக வானம், அதன் ஓரத்தில் ஓட்டுநரின் தலை. அந்தத் தலை எழுந்து போய்விட்டால் என்ற ஒரே நினைப்பு.

"காரமாண்ணே?"

காரம் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல் வாயில் இருந்தது. நாக்கு இருந்தது. குரல் மட்டும் எழும்பவில்லை.

"அண்ணே, காரமான்னேன்."

கீழே இருந்தவர் என் கால் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். எனக்கும் அவருக்கும் இடையில் இருபத்தைந்து அடி இருக்கும். முகம் வெளுத்து, உதடு நீலம் பாய்ந்திருந்தது. குழாயைப் பிடித்திருந்த கை முழங்கையில் மடங்கி மடங்கி நழுவியது. மறுபடி ஏற்றிப் பிடித்தார். என்னையே பார்த்தார்.

மூன்றாவது முறை ஓட்டுநர் கேட்டது எனக்குக் கேட்டது. என்ன கேட்டார் என்று தெரியாது. கயிறு வெடுக்கென்று இறுகியது. நான் மேலே போனேன். அவர் பார்வை என் காலைத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது.

தரையில் போட்டதும் ஐந்தாறு பேர் சூழ்ந்தார்கள். ஒருவர் துண்டால் விசிறினார். யாரோ சோடா பாட்டிலை வாயில் வைத்தார்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள். "கேஸு! கீழ கேஸு புடிச்சுக் கெடக்கு! யாரும் கிட்டப் போகாதீக!" என்று ஓட்டுநர் எல்லோரையும் பின்னால் தள்ளினார். வண்டிக்கு ஓடி வயர்லெஸ்ஸில் அடுத்த நிலையத்தைக் கூப்பிட்டு, நிரம்பிய சிலிண்டரோடு சுவாசக் கருவி கேட்டார். திரும்பி வந்து, "நாப்பது நிமிசம் ஆகுமாம்" என்றார்.

அந்த அம்மா கிணற்றுப் பக்கம் பாய்ந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "நாப்பது நிமிசம் அவுக கை தாங்குமாய்யா? சொல்லுங்கய்யா, தாங்குமா?"

என்னிடம்தான் கேட்டார். கை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டுமே தெரியும். அருகில் போய்ப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பத்து நிமிடம். அதற்கு மேல் இல்லை.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. அப்படியே படுத்திருந்தால் போதும். பேச்சு நின்றால் காற்று கெட்டிருக்கிறது என்பது எங்கள் விதி. நான் ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியதில்லை. விதி எனக்காகச் சொல்லிவிட்டது. நெற்றியில் ஈரத் துணி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு அக்கறையோடு என்னைச் சுற்றி நின்றவர்களுக்கு நடுவிலிருந்து எழுவது, கிணற்றிலிருந்து ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது.

எழுந்து உட்கார்ந்தேன்.

"காத்து நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"படுங்கண்ணே. பேசாதீக" என்றார் ஓட்டுநர்.

"கேஸு இல்ல. மூச்சு நல்லாத்தான் வந்துச்சு. எனக்குப் பயம் வந்துருச்சு. பேச முடியல. அம்புட்டுத்தான். கருவி வரட்டும்னு நிக்காதீக. யாராச்சும் இப்பவே எறங்கணும்."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஃபயர் சர்வீஸுக்கே பயமாம்டோய்!" இன்னொருவர், "அப்ப வண்டிய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு, நாம பாத்துக்குவோம்" என்றார். ஓட்டுநர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பருமனானவர் குனிந்து என் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். "உறுதியாண்ணே? கேஸு இல்லைன்னு?"

அப்போதுதான் எனக்கே சந்தேகம் வந்தது. குரல் எழும்பாதது பயத்தால்தானா? இரண்டு மாதமாகப் பயத்தைச் சுமந்துகொண்டிருந்தவன், உண்மையிலேயே காற்று கெட்டிருந்தால் அதையும் பயம் என்றுதானே நினைத்துக்கொள்வான்? விளக்கு எரிந்தது நிஜம். ஆனால் அது நான் இறங்குவதற்கு முன்பு. உறுதி என்று நான் சொன்னால் அவர் இறங்கிவிடுவார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள்.

"உறுதி இல்ல" என்றேன். "ஆனா நான் அப்படித்தான் நெனக்கிறேன். விளக்க உனக்கு ஆறடி முன்னாடி எறக்குறேன். அது எரியிற வரைக்கும் நீ எறங்கு. சுடரு சின்னதானாக்கூட நானே இழுத்துருவேன்."

அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எம் பொண்டாட்டி ரெண்டாங்கல்யாணம் பண்ணிக்க மாட்டா. அம்புட்டு நல்லவ. பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக்குள் காலை விட்டார். முடிச்சை நான் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். முடிச்சு சரியாக வந்தது.

விளிம்பில் நான் படுத்தேன். கீழே இருப்பவரிடம் மேலிருந்து பேச்சுக் கொடுப்பது எனக்கு அதுவரை பழக்கமில்லை. இடது கையில் விளக்குக் கயிறு. அவர் பாறையில் காலை வைத்துத் தேய்த்துத் தேய்த்து இறங்கினார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகல்.

"ஏப்பா, காலைல எத்தனை இட்லி?"

"அண்ணே, இப்பப் போயி இட்லியா? எட்டு."

"எட்டா?"

"ரெண்டு வடை."

"அதான் கயிறு இம்புட்டு கனக்குது."

"கேலி பேசாதீகண்ணே, இங்கிட்டு உசுரு போகுது."

"வெளக்கு எப்படி எரியுது?"

"நல்லா எரியுது. எனக்குத்தான் வகுறு எரியுது."

அவர் தண்ணீரைத் தொட்டபோது தோட்டக்காரரின் கை குழாயை விட்டுவிட்டது. சரியாக அந்த நேரம் என்று எழுதினால் கதைக்காகச் சேர்த்தது போலிருக்கும். அதற்கு ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத்தான். பருமனானவர் அவரை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தபோது அந்தக் கை தானாக அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. முடிச்சு அவருக்குக் குழம்பியது. மேலிருந்து ஒவ்வொரு சுற்றாகச் சொன்னேன். இடது கைக்கு அடியில் கொடு, இல்லை, உன் இடது இல்லை, அவரோட இடது. முதுகுப் பக்கம் கொண்டா. இப்போ உன் பக்கம் இழு. ஒடிந்த கால் சுவரில் இடிக்காமல் ஏற்ற வேண்டும் என்பதால் மிக மெதுவாக இழுக்கச் சொன்னேன். அவர் வெளியே வந்தபோது 3.41.

கூட்டம் முழுக்க அவரிடம் ஓடியது. அந்த அம்மாவின் சத்தமும், ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் சத்தமும் எனக்குப் பின்னால் கேட்டன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே இன்னும் எங்கள் ஆள் இருந்தார்.

வண்டி திரும்பும்போது பருமனானவர் ஈரத் துணியோடு தூங்கிப்போனார். நெடுஞ்சாலையில் ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எப்ப இருந்துண்ணே?" என்று கேட்டார்.

"ஆடியில இருந்து."

அந்த மாட்டுக் கதையை அதற்குப் பிறகு அவர் எங்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நல்ல சிரிப்பான கதைதான்.

தோட்டக்காரர் பிழைத்தார். இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

மாலையில் நிலைய அலுவலர் அறிக்கையைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். "காலைல மில்லுல புகையக் குடிச்சிருக்கீங்க. தலைசுத்தல்னு போட்டுருவோமா?" என்றார்.

"நடந்ததப் போடுங்க சார்."

"நடந்ததப் போட்டா மெடிக்கல் போர்டுக்குப் போகணும். எத்தன மாசம் இழுக்கும்னு தெரியாது. அதுக்குள்ள வேற எங்கயாவது தூக்கிப் போட்டாலும் போட்டுருவாங்க. யோசிச்சுக்கங்கண்ணே."

தலைசுத்தல் என்று எழுதினால் ஒரு வாரம் கழித்துச் சரியாகிவிட்டது என்று ஆகும். அடுத்த கிணற்றுக்கு மறுபடி நான். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அவர் பேனாவை என்னிடம் கொடுத்து நீங்களே எழுதுங்கள் என்றார். எழுதினேன். 'கிணற்றில் இறங்கியபோது ஏற்பட்ட அச்சத்தின் காரணமாக மீட்புப் பணியைத் தொடர இயலவில்லை.' எழுதி முடித்துப் படித்தபோது வேறு யாரையோ பற்றிய வரி போலிருந்தது. கையெழுத்து என்னுடையது.

போர்டு இன்னும் கூடவில்லை. அதுவரைக்கும் என்னைக் கட்டுப்பாட்டு அறையில் போட்டிருக்கிறார்கள். பத்தடிக்கு எட்டடி அறை. ஒரு மேசை, இரண்டு டெலிபோன், வயர்லெஸ், சுவரில் வட்டார வரைபடம், ஒரு கதவு. மாற்று ஆள் வந்து உட்காரும் வரை நாற்காலியைக் காலியாக விடக் கூடாது. ஒன்றுக்குப் போவதென்றால்கூட யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கிணற்றிலிருந்து தப்பித்து நான் வந்து சேர்ந்த இடம் இது என்று. கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். மழை பெய்தாலும் சாத்த விடுவதில்லை. பருமனானவர் போகும்போதும் வரும்போதும் தலையை நீட்டி, "என்னண்ணே, காத்து நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மற்றவர்கள் அதைக் கேட்டுச் சங்கடப்படுகிறார்கள். எனக்கு அவர் கேட்பதுதான் நல்லது.

நேற்று காலை 11.05க்கு ஒரு அழைப்பு. ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது. கிணற்றில் ஆள் என்றார். எந்த ஊர், எந்தத் தோட்டம், எவ்வளவு ஆழம், தண்ணீர் இருக்கிறதா, பேச்சு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டேன். கடைசிக் கேள்விக்குத் தெரியலையே என்றார். மணியை அழுத்தினேன். பூட்ஸ் சத்தம் முற்றத்தில் ஓடியது. பருமனானவர் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டே கதவைக் கடந்தார். இந்த முறை தலையை நீட்டவில்லை. முகம் இறுகியிருந்தது. அந்தப் பயம் எனக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டு, முடியாவிட்டால் சொல்லிவிடு என்று சொல்ல நினைத்தேன். அவர் சொன்னால் அடுத்து யார் இறங்குவது? கூப்பிடவில்லை.

11.08க்கு வண்டி கேட்டைத் தாண்டியது. பதிவேட்டில் எழுதினேன். அவர்கள் வேலையில் இருக்கும்போது வயர்லெஸ்ஸில் நான் கூப்பிடக் கூடாது. அவர்கள்தான் கூப்பிட வேண்டும். 11.40 ஆனது. பன்னிரண்டும் ஆனது. இன்னொரு டெலிபோன் அடித்து, யாரோ வீட்டில் பாம்பு என்றார்கள். முகவரியைக் குறித்துக்கொண்டேன், வண்டி வந்ததும் அனுப்புவதாகச் சொன்னேன். எப்போது வரும் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு வயர்லெஸ்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.